தைரியக் கோப்பை

என் மேசை மேல் இருக்கும் வெள்ளிக் கோப்பையைப் பற்றி ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். போன வாரம் வந்தவள் அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, "ஜெயிச்ச நாய்க்குக் கொடுக்காம நீ எதுக்குடி இதை வெச்சிட்டிருக்கே?" என்றாள். மேடையில் கிழவி கூத்தடித்துவிட்டாள் என்று ஒருத்தர் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். திரியட்டும். நான் சொல்வது நம் வயதுக்காரர்களுக்கு. சுக்கும் மிளகும் மலையாய்க் குவிந்த தெருவில் தும்மித் தும்மி வளர்ந்தவர்களுக்குத்தான் இது விளங்கும். உட்கார்ந்த இடத்தில் எழுத முடியவில்லை. இதற்குள் மூன்று தரம் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

மட்டாஞ்சேரியில் அப்போது எங்கள் வீடு கிடங்கின் மாடி. கீழே சரக்கு, மேலே நாங்கள். தளம் முழுக்கப் பலகை. இந்தக் கோடியில் ஒருத்தர் நடந்தால் அந்தக் கோடியில் அலமாரியில் இருக்கும் தம்ளர் கிணுகிணுக்கும். அம்மா அடுக்களையில் இருந்தபடியே வருவது அப்பாவா, நானா, தண்ணீர்க்காரியா என்று சொல்லிவிடுவாள். அந்தப் பலகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

அப்பா கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பில் இருந்தார். ராஜபாளையத்துக்காரர். கிடங்கு முதலாளியும் அந்தப் பக்கம்தான். ஒரு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு எங்கெங்கோ போய் முதலாளியிடம் வந்து நின்றது.

"குஜராத்திக்காரனுக்கு ஒரு சபை இருக்கு. கொங்கணிக்காரங்களுக்கு இருக்கு. இந்தத் தெருவுல தும்மினா ஏதாவது ஒரு சங்கத்து மேலதான் விழும். நமக்குன்னு என்னய்யா இருக்கு?"

அப்பா யோசிக்கவே இல்லை. "நாய் இருக்கு மொதலாளி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது நிஜம். தமிழர்கள் காவல் இருந்த கிடங்குகளில் எல்லாம் வாசலில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நின்றது. அடுத்த ஞாயிறே கிளப் ஆரம்பித்தாயிற்று. முதலாளி தலைவர், அப்பா செயலாளர். எங்கள் மாடிதான் அலுவலகம். அப்பா நீள நோட்டு ஒன்று வாங்கி, அட்டை போட்டு, முதல் பக்கத்தில் விதிகளை எழுதினார். நிறம் பால் வெள்ளை. மூக்கு இளஞ்சிவப்பு. உடம்பில் கறுப்புப் புள்ளி ஒன்றுகூடக் கூடாது. நான்காவது விதியை எழுதும்போது பேனாவை இரண்டு தரம் உதறினார்: குறையுள்ள குட்டியை வளர்க்கக் கூடாது.

நான்காவது விதிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்தது. முதலாளியின் நாய் குட்டி போட்டது. மூன்று குட்டிகளுக்குக் காதோரம் கறுப்பு. அப்பா ஒரு கோணிச் சாக்கை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போனார். கரப்பான் பூச்சியைக்கூட முறத்தில் தள்ளி வெளியே விடுகிற மனிதர் அவர். திரும்பி வந்து தலைக்குக் குளித்தார். சாப்பிடவில்லை. "இனம் நிக்கணும்ல" என்று யாரும் கேட்காமலே சொன்னார். மறுநாள் அந்தச் சாக்கு எங்கள் ஜன்னல் ஆணியில் காய்ந்துகொண்டிருந்தது. நான் அந்த ஜன்னல் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். பத்து வயசு எனக்கு.

அந்த நேரத்தில்தான் பட்டு வந்தாள். அப்பா ஊருக்குப் போய்க் கூடையில் வைத்துக் கொண்டுவந்த குட்டி. ஒரு புள்ளி கிடையாது. வயிற்றுப் பக்கம் ரோஜா நிறத்தில் தோல் தெரியும். அவளிடம் ஈரச் சாக்கும் பாலும் கலந்த ஒரு வாசனை வரும், இப்போதும் கண்ணை மூடினால் எனக்கு வரும். என் பாயில்தான் படுப்பாள், என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு. நான் எழுந்தால் எழுவாள். வீட்டுக்குள் யார் நடந்தாலும் சட்டென்று தலையைத் திருப்புவாள். "என்னா சூட்டிப்பு, என்னா சூட்டிப்பு" என்று அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்.

மழை விட்ட ஒரு காலையில் அவளைத் தெருவில் கூட்டிக்கொண்டு நடந்தேன். கயிற்றை விட்டுவிட்டேன். அவள் நடுத்தெருவில் எதையோ முகர்ந்துகொண்டு நின்றாள். பின்னால் மூட்டை ஏற்றிய உந்துவண்டி சரிவில் வருகிறது. வண்டிக்காரச் சேட்டன் "மாறு, மாறு!" என்று விலகச் சொல்லிக் கத்துகிறார். நான் "பட்டூ!" என்று கத்துகிறேன். கடைக்காரர்கள் கத்துகிறார்கள். பட்டு முகர்ந்துகொண்டே இருக்கிறாள். நான் ஓடிப்போய்க் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். சக்கரம் என் பாவாடையை உரசிக்கொண்டு போனது.

சேட்டன் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கினார். "செவி பொட்டாணோ இதினு?" என்றார். காது செவிடா என்று.

"இல்ல சேட்டா, அவளுக்கு மலையாளம் தெரியாது" என்றேன்.

அவர் தெருவே அதிரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய், கிடங்கின் பின்முற்றத்து மணலில் அவளை நிறுத்தி, பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். கூப்பிட்டேன். அழுதேன். ஒன்றுக்கும் திரும்பவில்லை. மாடிக்குக் கூட்டிப்போய்ச் சும்மா ஒரு அடி எடுத்து வைத்தேன், திரும்பினாள். அப்போது எனக்குப் புரிந்தது. அவள் எங்களைக் காதால் கேட்கவில்லை. பலகை நடுங்குவதைப் பாதத்தால் கேட்டாள். கிளப்பிலேயே சிறந்த நாய், ஒரு புள்ளி இல்லாத நாய், செவிடு. ஜன்னல் ஆணியில் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அன்றிலிருந்து குதிகால்தான் எங்கள் பாஷை. ஒரு தட்டு தட்டினால் வா. இரண்டு தட்டினால் உட்கார். அப்பா கூப்பிடுகிற நேரம் பார்த்து நான் குதிகாலை அழுத்துவேன். அவள் எழுந்து வருவாள். அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது. அம்மா மட்டும் ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "உன் காலுக்குத்தான் அது வருது. அவரு கூப்பிட்டா எங்க வருது?" என்றாள். அவள் நிமிரக்கூட இல்லை. தெரிந்து சொன்னாளா, சும்மா சொன்னாளா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு அந்த வெடி வந்தது. எர்ணாகுளத்தில் சீமை நாய் வளர்க்கிறவர்கள் யாரோ, ராஜபாளையம் பார்க்கத்தான் அழகு, பட்டாசுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் போய்விடும் என்று சொல்லிவிட்டார்களாம். முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். "காட்டிருவோம்யா" என்றார். கோயில்களில் வழிபாட்டுக்கு வெடிப்பார்களே கதினா, இரும்புக் குழாயில் மருந்தை இடித்து, அந்த வெடிக்காரரையே அப்பா கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சீமை நாய்க்காரர்களையும் அழைத்து, பின்முற்றத்தில் நாற்காலி போட்டாயிற்று. நாய்களை வரிசையாக நிறுத்த மணலில் காலிச் சாக்குகளை மெத்தை மாதிரி அடுக்கினார்கள். வெடி சுவருக்கு அந்தப் பக்கம்.

நான் பட்டுவின் காலடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணலும் சாக்கும். பலகை இல்லை. நான் குதித்தாலும் அவளுக்குத் தெரியாது.

வெடித்தது பாருங்கள், கிடங்குக் கூரையில் இருந்த புறா அத்தனையும் பறந்தது. தரகர் ஒருத்தரின் நாய் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டது. இன்னொன்று முதலாளியின் நாற்காலிக்கடியில் நுழைந்து, முதலாளியோடு நாற்காலியைத் தூக்கியது. சுக்குக் குவியலில் ஒன்று மூக்கைப் புதைத்துக்கொண்டு தும்மித் தீர்த்தது. பட்டு நின்ற இடத்தில் நின்றாள். கண்ணை ஒரு தரம் சிமிட்டினாள். அவ்வளவுதான்.

"பட்டு, வா!" என்றார் அப்பா. செத்தோம் என்று நினைத்தேன். அவள் வரவில்லை. அப்பா மறுபடி கூப்பிட்டார். அவள் பறக்கிற புறாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பாத்தீங்களா, உத்தரவு போட்டாக்கூட அவளா யோசிச்சுத்தான் வருவா. ராஜ குணம்யா!"

எல்லோரும் கை தட்டினார்கள். சீமை நாய்க்காரர்களும் தட்டினார்கள். அப்பா அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறத்தியார் சரக்குக்கு ஆயுசு முழுக்கக் காவல் நின்ற மனிதர், தன்னுடையது என்று ஒன்றைக் காட்டி ஜெயித்துவிட்டார். அன்று சாயங்காலமே நோட்டில் ஐந்தாவது விதி ஏறியது: வெடிக்கு அசையாத நாயே முதல் தரம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் கொஞ்ச காலம் சிரித்தேன். அடுத்ததைக் கேளுங்கள்.

பட்டுவுக்குச் சான்று கொடுக்க எர்ணாகுளத்திலிருந்து படகேறி ஒரு மிருக டாக்டர் வந்தார். மலையாளி, இளைஞர், தோல் பையைத் திறந்தாலே மருந்து நெடி. பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். வெள்ளை நாய்களில் சிலதுக்குக் காது குறைவாக இருக்கும், அதையும் பார்க்க வேண்டும் என்றார். அவளுக்குப் பின்னால் போய் விரலைச் சொடுக்கினார். நான் குதிகாலை அழுத்தினேன். பட்டு திரும்பினாள். அவர் என்னைப் பார்த்தார். "மோளே, கொறச்சு மாறி நில்க்கு" என்றார். தள்ளி நின்றேன். அவர் கை தட்டினார். நான் மறுபடி அழுத்தினேன். பட்டு மறுபடி திரும்பினாள். கையெழுத்துப் போட்டு, அம்மா கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்தாள் என்று என்னைத் தேற்ற வராதீர்கள். நன்றாகத் தெரிந்துதான் செய்தேன்.

பட்டு ஆறு குட்டி போட்டாள். ஆறும் பால் வெள்ளை. கண் திறந்து ஓட ஆரம்பித்ததும் கிளப்காரர்கள் கூடினார்கள். அப்பா குட்டிகளை மணலில் விட்டு, பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கி அடித்தார். நாலு குட்டி அசையவில்லை. இரண்டு துள்ளி விழுந்தன. அதில் ஒன்று, சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடி, வாலை ஆட்டிக்கொண்டு தாம்பாளத்திடமே ஓடி வந்தது.

"ஆத்தா மாதிரியே நாலு!" என்று அப்பா கூவினார். அந்த நாலும் முதல் தரம், ஆளுக்கொன்றாகப் பெரிய கிடங்குகளுக்குப் போயின. காது கேட்ட இரண்டும் பயந்தாங்கொள்ளிகள். முனைச் சாயாக்கடைச் சேட்டனிடம் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அவர் கடையில் அவை இரண்டும் போகிறவர் வருகிறவரை எல்லாம் குரைத்துக்கொண்டு, கிழடாகும்வரை வாழ்ந்தன. நீங்கள்கூட அவற்றுக்குப் பன் போட்டிருப்பீர்கள்.

முதலாளிக்குப் போன குட்டி நல்ல வாட்டசாட்டமாக வளர்ந்தது. என்னைக் கண்டால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். ஒருநாள் மத்தியானம் அப்பா வேட்டியெல்லாம் ரத்தமும் சேறுமாக மாடிப்படி ஏறி வந்தார். சரக்கு லாரி பின்னால் வந்திருக்கிறது. கிளீனர் தகரத்தைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறான். அந்தச் சந்தில் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பா அழுதுகொண்டிருந்தார். ஆனால் முகத்தில் வேறொன்றும் இருந்தது. "பாப்பா, ஹாரன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போனானாம். நம்ம பய தலையத் திருப்பலையாம். சாவுக்கும் அசையாத சாதி, பாத்துக்கோ!"

பெருமை. அது பெருமைதான்.

"அப்பா, அது..." என்று ஆரம்பித்தேன். பட்டு என் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்திருந்தாள். என் கால் நடுங்கியது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் ஆணி.

"அழாதே" என்றார் அப்பா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகும் பட்டு இரண்டு ஈற்று போட்டாள். அசையாத குட்டிகளை எடுத்து வைத்து, துள்ளியதை எல்லாம் தள்ளினார்கள். அந்தக் குட்டிகள் குட்டி போட்டன. 'பட்டு வழி' என்றால் நோட்டில் தனி மரியாதை. வைட்டிலா தாண்டியும் கேட்டு வந்தார்கள். அவள் வயதாகி, என் பாயிலேயே தூக்கத்தில் போனாள். அதற்காகத்தான் எல்லாம் செய்தேன், அது நடந்தது. ஆனால் அவளுடைய பிள்ளைகள் லாரியிலும் பஸ்ஸிலும் அடிபட்டுச் செத்த செய்தி ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும். ஒவ்வொரு தடவையும் அப்பா, "என்னா நெஞ்சழுத்தம்!" என்பார். அப்படியே நம்பிக்கொண்டு அவரும் போய்விட்டார்.

இனி உங்களுக்குத் தெரிந்த பாகம். இப்போதைய செயலாளர், தோப்பும்படியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பையன், இரண்டு மாதம் முன்பு வந்தான். கிளப் ஆரம்பித்தவரின் மகள் நான்தானே, அப்பா பெயரில் ஒரு கோப்பை செய்திருக்கிறோம், உங்கள் கையால்தான் கொடுக்க வேண்டும் என்றான். என்ன கோப்பை என்று கேட்டேன். தைரியக் கோப்பை என்றான். அன்று ராத்திரியிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்பா பெயரைக் கேட்டதும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

விழாவில் மேடைக்குப் பின்னால் பட்டுவின் பழைய படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். கதினா எல்லாம் இப்போது கிடையாது, மைதானக் கோடியில் கட்டிய ஒலிபெருக்கியில் வெடிச் சத்தம். நாய்கள் மேடைப் பலகையில் இழுத்துக்கொண்டு ஓடின. ஒரு வெள்ளைப் பெட்டை நாய் மட்டும் அப்படியே நின்றாள். கயிற்றைப் பிடித்திருந்தது ஒரு சிறுமி, பத்து வயது இருக்கும், ரப்பர் செருப்பு. அறிவிப்பாளர் நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தச் சிறுமி வலது குதிகாலைத் தூக்கி, யாருக்கும் தெரியாமல், பலகையில் ஒரு தட்டு தட்டினாள். நாய் திரும்பி வந்தது.

கோப்பை என் கையில். செயலாளர் என் பக்கம் கையைக் காட்டுகிறான். ஜனம் கை தட்டுகிறது. அந்தக் குழந்தை என் கண்ணைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மைக்கைப் பிடுங்கினேன் என்று சொல்கிறார்களே, ஆமாம், பிடுங்கினேன். "இந்த நாய்க்குக் காது கேக்காது. எங்க பட்டுவுக்கும் கேக்கல. எனக்கு அப்பவே தெரியும். நீங்க தைரியம் தைரியம்னு சேத்து வெச்சது எல்லாம் செவிடு" என்றேன். யாரோ சிரித்தார்கள். யாரோ "இறக்குங்கப்பா அவங்கள" என்றார்கள். செயலாளர் நாயைப் புல்தரையில் இறக்கி, பின்னால் நின்று கத்தினான். பிறகு எல்லோரும் கத்தினார்கள். நாய் புல்லை முகர்ந்துகொண்டே இருந்தது.

அந்தக் குழந்தை ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. செயலாளரிடம் அது கேட்டது என் காதிலும் விழுந்தது. "இவளைக் கொண்டுபோயி களைஞ்சிடுவீங்களா?"

"ஐயோ மோளே, அதெல்லாம் பண்டு, அந்தக் காலம்" என்றான் அவன். "குட்டி போட வேண்டாம், அவ்வளவுதான். உன்கூடவே இருக்கட்டும்."

இவ்வளவுதான். இரண்டு வார்த்தை. அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாரி அடித்த அன்று நான் சொல்லியிருந்தால் அப்பாவும் இதைத்தான் சொல்லியிருப்பாரோ? சாக்கைத் தூக்கிவிட்டு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த மனிதர், இன்னொரு தரம் தூக்கியிருப்பாரா? அவரைக் கேட்டுப் பார்க்கவே இல்லையே நான். அவர் என்ன செய்வார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அந்தக் கோப்பையை யாருக்குக் கொடுப்பது? திருப்பி எடுத்துப் போங்கள் என்றேன். அவர்களும் வாங்கவில்லை.

அந்தக் குழந்தை நம் பக்கத்துத் தெருதான். சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு என் வாசல் வழியே போகும். சாக்கடைக் கானா மேல் போட்ட ஸ்லாப் ஒன்று எங்கள் வாசலில் ஆடிக்கொண்டிருக்கிறது, ஏறி மிதித்தால் அடுத்த மூன்று ஸ்லாப்பும் அதிரும். அவர்கள் அதைத் தாண்டும்போது நான் குதிகாலால் ஒரு தட்டு தட்டுகிறேன். தினமும். நாய் நின்று, திரும்பி, என்னைப் பார்த்து வாலாட்டுகிறது. குழந்தை திரும்புவதில்லை. அவள் வயதில் நானும் திரும்பியிருக்க மாட்டேன்.